வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் குழாய் வழி உணவு எப்போது? குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி உயிரைப் பற்றியது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியது. பார்வை நேரத்தின் ஐந்து நிமிடங்களில் அதற்கு யாரும் முழுதாகப் பதில் சொல்வதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது பெரியவர்களுக்கான பதில். குழந்தைகளுக்கான கணக்கு வேறு. உங்கள் நோயாளியைப் பற்றிய முடிவை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

அப்பாவை நேற்று இரவு வென்டிலேட்டரில் வைத்தார்கள். இன்று மதியம் வரை எதுவும் கொடுக்கவில்லை. பட்டினி போட்டிருக்கிறார்களா?

இல்லை. முதல் சில மணி நேரம் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் நிலைநிறுத்துவதில் போய்விடும். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் எதையாவது ஊற்றினால் நன்மையைவிடத் தொந்தரவுதான் அதிகம். நிலைமை கட்டுக்குள் வந்ததும் தொடங்குவார்கள். அமெரிக்காவின் தீவிர சிகிச்சை, ஊட்டச்சத்துச் சங்கங்கள் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் என்கிறது. ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் 48 மணி நேரத்துக்குள் என்கிறது. இரத்தத்தில் கிருமித் தொற்று பரவியவர்களுக்கான 2021 சர்வதேச வழிகாட்டுதல் 72 மணி நேரம் வரை இடம் தருகிறது.

இவர்கள் ஒரே எண்ணைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. 24-ஆம் மணியில் தொடங்கியவர் பிழைப்பார், 50-ஆம் மணியில் தொடங்கியவர் பிழைக்க மாட்டார் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. இரண்டாவது நாள் முடிவதற்குள் ஏதாவது கொஞ்சம் குடலுக்குள் போகத் தொடங்கியிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

நினைவே இல்லாதவருக்கு உணவில் இவ்வளவு அவசரம் எதற்கு?

பசிக்காக இல்லை. மயக்க மருந்தில் இருப்பவருக்குப் பசி தெரிவதில்லை. அவசரம் குடலுக்காக.

குடலின் உட்சுவர் தன் உணவின் ஒரு பகுதியைத் தன் வழியாகக் கடந்து போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எதுவும் வராமல் போனால் அந்தச் சுவர் சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். உடலின் நோய் எதிர்ப்புத் திசுவில் பெரும் பங்கு குடலைச் சுற்றித்தான் இருக்கிறது, அதுவும் மந்தமாகும். குடலுக்குள் இருக்க வேண்டிய கிருமிகளும் அவற்றின் நச்சுகளும் இரத்தத்துக்குள் கசிய வாய்ப்பு கூடும். சிறிதளவு உணவு போய்க்கொண்டிருந்தாலே குடலின் இரத்த ஓட்டமும் அசைவும் ஓரளவு காப்பாற்றப்படும். சீக்கிரம் தொடங்குவதன் முதல் நோக்கம் இதுதான். கலோரி கணக்கு பிறகுதான் வருகிறது.

அப்படியானால் முதல் நாளே முழு அளவு கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?

குடும்பத்தினர் மட்டுமல்ல, மருத்துவர்களும் பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்தார்கள். “சீக்கிரம்” என்பதும் “நிறைய” என்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருந்தன. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் இரண்டையும் பிரித்துவிட்டன. சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பது நிலைத்தது. முதல் நாளே நிறையக் கொடுக்க வேண்டும் என்பது நிலைக்கவில்லை.

கடும் நோயின் முதல் நாட்களில் உடல் தானே எரிபொருளை உற்பத்தி செய்துகொள்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. தசை கரைந்து அதற்கு மூலப்பொருள் ஆகிறது. ஆரோக்கியமான ஒருவர் சாப்பிட்டால் இந்த உற்பத்தி நின்றுவிடும். கடும் நோயாளிக்கு வெளியிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் அது உடனே நிற்பதில்லை. ஆக, முதல் நாளே முழு அளவு கொடுத்தால் உள்ளே சுரப்பதும் வெளியிலிருந்து வருவதும் சேர்ந்து தேவைக்கு மேல் போய்விடும். இரத்தச் சர்க்கரை ஏறும். கரியமில வாயு கூடுதலாக உற்பத்தியாகும். அதை வெளியேற்ற வேண்டியது ஏற்கெனவே தத்தளிக்கும் நுரையீரல்தான்.

அமெரிக்காவில் நடந்த ஈடன் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்த 1000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் சீக்கிரமே உணவு தொடங்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு முதல் ஆறு நாட்கள் ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரிதான் போயிற்று. மற்றதற்குச் சுமார் 1300. 60 நாள் முடிவில் இறப்பு விகிதம் 23.2 சதவீதம், 22.2 சதவீதம். வென்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாட்களிலும் வித்தியாசம் இல்லை. முழு அளவு வாங்கியவர்களுக்கு வாந்தியும் வயிற்றுத் தொந்தரவும்தான் கூடுதல்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏறக்குறைய 4000 பேரிடம் நடந்த டார்கெட் ஆய்வு 2018-இல் இன்னொரு பக்கத்திலிருந்து இதையே சொன்னது. வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கலோரி அடர்த்தியுள்ள உணவு கொடுத்தும் உயிர் பிழைப்பதில் பலன் இல்லை. பிரான்சில் 3000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த நியூட்ரிரியா-3 ஆய்வு 2023-இல் வந்தது. வென்டிலேட்டரில் இருந்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தும் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு முதல் வாரம் ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 6 கலோரி மட்டும் கொடுத்தார்கள்; மற்ற பிரிவுக்கு 25 கலோரி. இறப்பில் வித்தியாசம் இல்லை. குறைவாக வாங்கியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறும் நிலையைச் சற்று முன்னதாகவே எட்டினார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், 2002-இல், அமெரிக்காவில் 150 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு இருக்கிறது. முதல் நாளே முழு அளவு வாங்கியவர்களில் 49.3 சதவீதத்தினருக்கு வென்டிலேட்டர் நிமோனியா, அதாவது வென்டிலேட்டரில் இருக்கும்போது வரும் நுரையீரல் தொற்று, வந்தது. நான்கு நாட்கள் கொஞ்சமாகக் கொடுத்து ஐந்தாம் நாள் முழு அளவுக்குப் போனவர்களில் அது 30.7 சதவீதம். “சீக்கிரம் உணவு கொடுத்தால் நிமோனியா வரும்” என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இன்றும் உண்டு. அந்த ஆய்வில் தாமதப் பிரிவுக்கும் முதல் நாளிலிருந்தே சிறிதளவு உணவு போயிற்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அளவைப் பற்றிய ஆய்வை நேரத்தைப் பற்றியதாகப் படிப்பது என் கணிப்பில் இந்தத் துறையின் பழைய நோய்.

படுக்கையருகே இருந்த தாளில் “20 மி.லி.” என்று எழுதியிருந்தது. ஒரு மனிதருக்கு அது எப்படிப் போதும்?

அது ஒரு மணி நேரத்துக்கான அளவு. 24 மணி நேரத்துக்கு 480 மி.லி. ஆகிறது. சாதாரணக் குழாய் உணவில் ஒரு மி.லி.க்கு ஒரு கலோரி என்பதால் 480 கலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்குப் பிறகு தேவைப்படும் முழு அளவு சுமார் 1500 கலோரி. முதல் இரண்டு மூன்று நாட்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே நல்ல தொடக்கம். பிறகு படிப்படியாகக் கூட்டி, முதல் வாரம் முடியும்போது முழு அளவை நெருங்குவார்கள். புரதத்தை ஒரு கிலோ எடைக்கு 1.3 கிராம் வரை மெல்ல உயர்த்தச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். அதைத் தாண்டி இரட்டிப்பாகக் கொடுத்துப் பார்த்த எஃபர்ட் ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது கெடுதலாகவும் தோன்றியது.

குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறதே, அது உணவாகாதா?

ஆகாது. 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. கலோரி கணக்கில் சுமார் 85. ஏறக்குறைய இரண்டு இட்லி. புரதம் துளியும் இல்லை. உப்புநீர் பாட்டிலில் அந்தக் கலோரியும் இல்லை. ஆனால் மயக்கத்துக்காகச் செலுத்தப்படும் வெள்ளை நிற மருந்தான புரொபோஃபாலில் கொழுப்பு உண்டு, ஒரு மி.லி.க்கு 1.1 கலோரி. அது அதிகமாக ஓடினால் டயட்டீஷியன் உணவின் அளவைக் குறைத்து எழுதுவார். “நேற்றைவிடக் குறைத்துவிட்டார்களே” என்று பதறுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

“பி.பி. ஏற மருந்து ஓடுகிறது, அதனால் உணவு இல்லை” என்றார்கள். அடுத்த படுக்கைக்காரருக்கும் அதே மருந்து ஓடுகிறது, அவருக்குக் கொடுக்கிறார்களே?

நல்ல கேள்வி. மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் சூடாகப் பேசப்படுகிற கேள்வியும் இதுதான்.

இரத்த அழுத்தம் விழும்போது உடல் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைத் திருப்பிவிட்டுக் குடலுக்குப் போவதைக் குறைக்கிறது. அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் போன்ற மருந்துகளும் அதிக அளவில் குடலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. அந்த நேரத்தில் உணவை உள்ளே தள்ளினால் குடலின் வேலை கூடும், ஆக்ஸிஜன் தேவை கூடும். ஆனால் இரத்தம் வராது. அரிதாக, குடலின் ஒரு பகுதி அழுகிப் போகும். அரிது என்றாலும் அது வந்தால் பிழைப்பது கடினம்.

எவ்வளவு அரிது? பிரான்சின் 44 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2410 பேரிடம் நடந்த நியூட்ரிரியா-2 ஆய்வு 2018-இல் வெளிவந்தது. எல்லோரும் வென்டிலேட்டரில் இருந்தவர்கள், எல்லோருக்கும் அழுத்த மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாதிக்குக் குழாய் வழியாகவும் மறுபாதிக்கு நரம்பு வழியாகவும் ஊட்டச்சத்து கொடுத்தார்கள். 28 நாள் இறப்பு 37 சதவீதம், 35 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. குடலுக்கு இரத்தம் இல்லாமல் போனது குழாய்ப் பிரிவில் 19 பேருக்கு, நரம்புப் பிரிவில் 5 பேருக்கு. இதைப் படித்துவிட்டு “அழுத்த மருந்து ஓடினால் குழாய் உணவு கூடாது” என்று முடிவு கட்டியவர்கள் பலர். அது அவசரம். அந்த ஆய்வில் தொடக்கத்திலிருந்தே முழு அளவைக் குறிவைத்துக் கொடுத்தார்கள். மணிக்கு 10, 20 மி.லி. என்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை.

இன்றைய நடைமுறை இப்படி: மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகிறது, இரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது கூடும் பொருள்) ஏறுகிறது என்றால் உணவை நிறுத்தி வைப்பார்கள். அளவு நிலையாக நிற்கிறது அல்லது இறங்குகிறது, லாக்டேட் குறைகிறது என்றால் சிறு அளவில் தொடங்குவார்கள். கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 0.3 மைக்ரோகிராம் நோர்அட்ரினலினைத் தாண்டினால் பலரும் தயங்குவார்கள். அது கல்லில் எழுதிய எல்லை இல்லை. உங்கள் அப்பாவுக்கு மருந்து ஏறுமுகம், அடுத்த படுக்கைக்காரருக்கு இறங்குமுகம் என்றால் ஒரே மருந்து இரண்டு முடிவுகளைத் தரும். கொடுக்கத் தொடங்கிய பிறகும் வயிறு உப்புகிறதா, வலிக்கு முகம் சுளிக்கிறாரா, லாக்டேட் மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேறு எந்தக் காரணங்களுக்காகத் தள்ளிப்போடுவார்கள்?

இரத்த அழுத்தமோ ஆக்ஸிஜனோ இன்னும் பிடிக்குள் வராத நிலை, இரைப்பையில் இரத்தக் கசிவு நிற்காத நிலை, குடல் அடைப்பு, குடலுக்கு இரத்தம் இல்லாமல் போன சந்தேகம், வயிற்றுக்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது, ஆறு மணி நேரத்தில் இரைப்பையிலிருந்து 500 மி.லி.க்கு மேல் திரும்ப வருவது. இவை நியாயமான காரணங்கள். இரத்தக் கசிவு நின்றுவிட்டால் தொடங்கலாம்.

“குடல் சத்தம் இன்னும் கேட்கவில்லை” என்றார் ஒருவர்.

அது பழைய காரணம். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்க வேண்டும், வாயு பிரிய வேண்டும், மலம் கழிய வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதில் வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. தசையைத் தளர்த்தும் மருந்து ஓடுவது, கணைய அழற்சி, வயிற்று அறுவை சிகிச்சை ஆகியவையும் தனியாக நின்று உணவைத் தடுக்கும் காரணங்கள் ஆகமாட்டா. கணைய அழற்சிக்கு வாரக்கணக்கில் வயிற்றைக் காயப்போட்ட காலம் ஒன்று இருந்தது, இப்போது இல்லை. அறுவை சிகிச்சை செய்தவர் தையல் போட்ட இடத்தைப் பற்றிக் குறிப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் அது தனி.

மூக்கில் போட்ட குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் இந்தக் குழாயைத்தான் நம் மருத்துவமனைகளில் ரைல்ஸ் டியூப் என்கிறார்கள். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தவர்களுக்கு மூக்கைத் தவிர்த்து வாய் வழியாகப் போடுவார்கள். நினைவில்லாதவருக்கு அது தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமல்கூட வராமல் போகலாம். அதனால் முதல் சொட்டு உணவுக்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. சிரிஞ்சால் காற்றைத் தள்ளி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பது இன்றும் பரவலாக நடக்கிறது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பித் தொடங்குவது ஆபத்து. எக்ஸ்ரேவுக்காக உணவு இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்தத் தாமதத்தை நான் வரவேற்பேன்.

சிரிஞ்சால் வயிற்றில் இருப்பதை வெளியே இழுத்து அளந்துவிட்டு உணவை நிறுத்திவிட்டார்கள். சரியா?

எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தது. முன்பு 150, 200 மி.லி. வந்தாலே நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தி நிறுத்தியே நோயாளிக்குப் பாதி உணவுகூடப் போகாது. பிரான்சில் 2013-இல் வெளிவந்த முதல் நியூட்ரிரியா ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்த ஏறக்குறைய 450 பேரில் ஒரு பாதிக்கு இந்த அளவெடுப்பையே விட்டுவிட்டது. வாந்தி வந்தால் மட்டும் கவனித்தார்கள். நிமோனியா வந்தது அளக்காத பிரிவில் 16.7 சதவீதம், அளந்த பிரிவில் 15.8 சதவீதம். ஆறு மணிக்கு ஒருமுறை அளந்ததால் தடுத்தது ஒன்றும் பெரிதாக இல்லை.

அமெரிக்க வழிகாட்டுதல் வழக்கமாக அளக்கவே வேண்டாம் என்கிறது. அளந்தாலும் வேறு தொந்தரவு இல்லாதபோது 500 மி.லி.க்குக் கீழே வந்தால் நிறுத்தக் கூடாது என்கிறது. வயிறு காலியாகத் தாமதமானால் மெட்டோகுளோபிரமைடு, எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் குழாயின் நுனியை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் வைப்பார்கள்.

உணவு மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடாதா?

போகலாம். அதனால்தான் தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைக்கிறார்கள். ஸ்பெயினில் 1999-இல் வெளிவந்த 86 பேர் கொண்ட ஆய்வில், சாய்த்து வைத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும் மல்லாக்கப் படுக்க வைத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் நிமோனியா சந்தேகம் எழுந்தது. மல்லாந்த நிலையும் குழாய் உணவும் சேர்ந்திருந்தவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். பார்வை நேரத்தில் “கழுத்து வலிக்குமே” என்று கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திவிடாதீர்கள். தாழ்த்தத்தான் வேண்டும் என்று தோன்றினால் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்போதும் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். கோவிட் காலத்தில் இது உலகெங்கும் அன்றாட வேலையாகிவிட்டது. திருப்பிப் போடும் நேரத்தில் மட்டும் நிறுத்துவார்கள். கட்டிலைத் தலைப்பக்கம் சற்று உயரும்படிச் சாய்த்து வைப்பார்கள்.

அம்மாவுக்கு மருத்துவமனைப் பவுடர் ஒத்துக்கொள்ளாது. வீட்டிலிருந்து கஞ்சி, இளநீர் கொண்டுவரலாமா?

இந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வாசலில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, தான் செய்யக்கூடிய ஒரே காரியம் கஞ்சி வைப்பது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முதல் நாட்களில் வேண்டாம்.

மெல்லிய குழாயில் இறங்கும்படி வடிகட்டி, நீர் சேர்த்துக் கரைத்த கஞ்சியில் மிச்சமிருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தும் தண்ணீரும். 200 மி.லி. போனது என்று தாளில் எழுதலாம். அதில் புரதம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கெட்டியாக வைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். பாத்திரம், மிக்ஸி, வடிகட்டி, பயண நேரம், நம் ஊர் வெயில் என்று கிருமி வளர இடம் ஏராளம். தயாரிக்கப்பட்ட உணவே கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் தொங்கக் கூடாது என்பது விதி. வீட்டுக் கரைசல் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அரைத்துக் கரைத்த உணவைவிட அளவிட்டுத் தயாரித்த உணவையே முதன்மையாகச் சொல்கிறது.

இளநீர் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: கேட்காமல் கொடுக்கவே கூடாது. அதில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

அம்மா சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பவுடர்களில் புரதம் பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோதான் வருகிறது, சிலவற்றில் மீன் எண்ணெய் உண்டு. மருத்துவமனைச் சமையலறையிலிருந்து வரும் கரைசல் என்றால் முட்டையின் வெள்ளைக்கரு சேர்க்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அபாயக் கட்டம் தாண்டி, வாரக்கணக்கில் குழாயோடு வாழ வேண்டியவர் ஆகிவிட்டால், டயட்டீஷியனோடு உட்கார்ந்து வீட்டு உணவுக்குத் திட்டம் போடலாம்.

பம்பில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது நல்லதா, இரண்டு மணிக்கு ஒருமுறை சிரிஞ்சில் கொடுப்பதா?

தொடக்க நாட்களில் இடைவிடாமல் மெதுவாகக் கொடுப்பதையே ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. வயிற்றுப்போக்கு குறைகிறது என்பது அதன் காரணம். எல்லா மருத்துவமனையிலும் எல்லாப் படுக்கைக்கும் பம்ப் இருக்காது. பம்ப் இல்லை என்பதற்காக உணவைத் தாமதப்படுத்துவதைவிடச் சிறு சிறு அளவாகச் சிரிஞ்சில், மெதுவாக, தலையை உயர்த்தி வைத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். நிலைமை சீரானவர்களுக்கு இடைவெளிவிட்டுக் கொடுப்பதில் தவறில்லை.

சர்க்கரை நோயாளிக்கு உணவு கொடுத்தால் சர்க்கரை ஏறாதா?

ஏறும், இன்சுலின் கொடுத்துச் சமாளிப்பார்கள். உணவை நிறுத்துவது அதற்கு வழி இல்லை. மிகக் கறாராகவும் இறக்க மாட்டார்கள்: 6000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2009-இல் வெளிவந்த நைஸ்-சுகர் ஆய்வில், சர்க்கரையை 81 முதல் 108-க்குள் கட்டிவைத்தவர்களில் இறந்தவர்கள் அதிகம். 180-க்குக் கீழே என்பதுதான் அங்கே பாதுகாப்பாக இருந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஏதோ காரணத்துக்காக உணவு நிற்கும்போது இன்சுலின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். மயக்கத்தில் இருப்பவர் அதை வெளியே காட்ட மாட்டார். “ஃபீட் நின்றிருக்கிறதே, இன்சுலினைப் பார்த்தீர்களா?” என்று செவிலியரிடம் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. உணவை நிறுத்த வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆன்டிபயாடிக்குகளும், குழாயில் ஊற்றப்படும் சிரப்புகளில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்பும்தான் பல நேரம் காரணம். முதலில் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன், டயாலிசிஸ் என்று அடிக்கடி நிறுத்துகிறார்கள். விட்டுப்போன உணவு என்ன ஆகும்?

பல இடங்களில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான். இது எனக்கு ஆதங்கம் தரும் விஷயம். காலை ஸ்கேன் என்று நள்ளிரவிலேயே நிறுத்துவார்கள். ஸ்கேன் மாலைக்குத் தள்ளிப்போகும். திரும்பி வந்தவரின் பம்பை மறுபடி போட மறந்துபோவார்கள். சீக்கிரம் தொடங்கியதன் பலனை இப்படித் துளித்துளியாக இழக்கிறோம். டயாலிசிஸுக்காகப் பொதுவாக நிறுத்தவே தேவையில்லை. மணிக்கணக்கை விட்டு நாள்கணக்காக எழுதி, விட்டுப்போனதை மீதி நேரத்தில் சற்று வேகமாகக் கொடுத்து ஈடுகட்டும் முறையைச் சில பிரிவுகள் கையாள்கின்றன. முதல் வாரத்துக்குப் பிறகு இது முக்கியம். “இன்று எவ்வளவு எழுதியிருந்தீர்கள், எவ்வளவு போயிற்று?” இந்த ஒரு கேள்வியைத் தினமும் கேளுங்கள்.

ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தவர். அவருக்காவது வேகமாகக் கொடுக்கக் கூடாதா?

அவருக்குத்தான் மிக மெதுவாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் வயிறாரச் சாப்பிட்டதும் சிலர் இறந்துபோனார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று சர்க்கரை உள்ளே வந்தால் இன்சுலின் சுரந்து இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். இதயம் தடுமாறும், மூச்சுத் தசை தளரும், வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் போகும். நாட்பட்ட மதுப்பழக்கம் உள்ளவர்கள், புற்றுநோயால் மெலிந்தவர்கள், பல நாள் சாப்பிடாமல் வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. தயாமின் என்ற வைட்டமினை முன்னதாகவே கொடுத்து, தாது உப்புகளைத் தினமும் சோதித்து, சில நாட்கள் எடுத்துக்கொண்டு ஏற்றுவார்கள். சேர்க்கும்போது “கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார்?”, “குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழாய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நரம்பு வழியாகவே கொடுத்துவிடலாமே?

கொடுக்க முடியும். இங்கிலாந்தில் 2400 பேரிடம் நடந்த கேலரீஸ் ஆய்வு 2014-இல் இரு வழிகளுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. ஆனாலும் குடல் வேலை செய்தால் குடலையே பயன்படுத்துவதுதான் எளிது, மலிவு, இயல்பு. போதாத மிச்சத்தை நரம்பு வழியாக நிரப்ப அவசரப்பட வேண்டாம் என்றும் தெரிகிறது. பெல்ஜியத்தில் 4640 பேரிடம் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், எட்டாம் நாள்வரை காத்திருந்தவர்களுக்கே தொற்று குறைவு, மீட்சி வேகம். குடல் வழியே முற்றிலும் அடைபட்டவர்களுக்கு மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் நரம்பு வழி உணவைத் தொடங்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

நாளை வென்டிலேட்டர் குழாயை எடுக்கப் போகிறார்கள். இன்றிரவே உணவை நிறுத்த வேண்டுமா?

நிறுத்துவது நெடுநாள் வழக்கம். ஆறு மணி நேரம், சில இடங்களில் இரவு முழுவதும். பிரான்சின் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1130 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு இதைச் சோதித்தது. குழாயை எடுக்கும்வரை உணவைத் தொடர்ந்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும், ஆறு மணி நேரம் வயிற்றைக் காயவைத்தவர்களில் 17.5 சதவீதத்தினருக்கும் ஒரு வாரத்துக்குள் மறுபடி குழாய் போட வேண்டிவந்தது அல்லது உயிர் பிரிந்தது. பட்டினியால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இருந்தும் உங்கள் மருத்துவர் சில மணி நேரம் நிறுத்தினால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். மூச்சுக்குழாயைத் திரும்பப் போடுவது கடினமாக இருக்கும் என்று நினைப்பவர் அப்படிச் செய்வதில் நியாயம் உண்டு.

எடுத்துவிட்டார்கள். பேசுகிறார், காபி கேட்கிறார். ஒரு வாய் கொடுக்கலாமா?

கேட்காமல் கொடுக்காதீர்கள். நாட்கணக்கில் தொண்டையில் குழாய் இருந்தவருக்கு விழுங்கும் தசைகள் உடனே பழைய நிலைக்கு வருவதில்லை. குரல் கரகரப்பாக இருப்பது, தன் எச்சிலுக்கே இருமுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்போது இருமல்கூட வராது. விழுங்கும் திறனைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதிலும் காபி, தண்ணீர் போன்ற நீர்த்த பொருட்களைவிடக் கூழ் போன்ற கெட்டியான உணவு பலருக்குப் பாதுகாப்பாக இறங்கும். வாயால் போதுமான அளவு சாப்பிடத் தொடங்கும்வரை மூக்குக் குழாயை விட்டுவைப்பார்கள். பேசத் தொடங்கிய பிறகும் அது இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை.